வண்ணம் பூசலாமா? சாண்டா ஃபே ஸ்பானிஷ் சந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூலை மாதத்தின் கடைசி வார இறுதியில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகர் சாண்டா ஃபேயின் நடுவிலிருக்கும் பிளாஸா என்ற சதுக்கத்தைச் சுற்றித் துணிக்கூடாரங்கள் வரிசையாக எழும்பிவிடும். மரத்தில் செதுக்கிய புனிதர்கள், பலகையில் தீட்டிய மாதா, தகரச் சட்டம் போட்ட கண்ணாடிகள், கோதுமைத் தாள் (வைக்கோல்) பதித்த சிலுவைகள், கம்பளி நெசவு என்று மேசைகள் நிறைந்திருக்கும். செய்தவரே மேசைக்குப் பின்னால் நின்று விற்பார். நடுவில் இடைத்தரகர் கிடையாது. மதியம் தாண்டினால் மலைப்பக்கமிருந்து மழை வருவது அந்த ஊர் ஜூலையின் வழக்கம் என்பதால், பிளாஸ்டிக் விரிப்பும் கையோடு இருக்கும்.

இதன் பெயர் ஸ்பானிஷ் சந்தை. முதலில் நடந்தது 1926-ல். 1930களின் நடுவில் நின்றுபோய், 1965-ல் மீண்டும் தொடங்கியது. நல்ல ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இதில் கடை போட்டிருக்கிறார்கள். 1989 முதல் குளிர்காலத்திலும், கிறிஸ்துமஸை ஒட்டி, ஒரு சந்தை சேர்ந்துகொண்டது.

மரபுக் கலைகளுக்கான சந்தைகள் உலகெங்கும் நடக்கின்றன. நான் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மரபைக் காப்பாற்றத் தொடங்கிய சந்தை இது. எது மரபு என்பதையும் அதுவே தீர்மானித்தது. இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று மோதிய இடங்கள் இதன் வரலாற்றில் வெளிப்படையாகத் தெரிகின்றன. வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது அரிது. அந்த மோதல் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் நடந்தது: வண்ணம்.

பின்னணி

ஸ்பெயின்காரர்கள் 1598-ல் இந்தப் பகுதிக்குக் குடியேற வந்தார்கள். சாண்டா ஃபே 1610 வாக்கில் நகரமானது. மெக்சிகோ நகரிலிருந்து இங்கே வரும் பாதையின் நீளம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர்; மாட்டு வண்டிக்கூட்டம் வந்து சேர ஆறு மாதம் வரை பிடித்தது. கோயிலுக்குச் சிலை வேண்டும், வீட்டில் கும்பிட ஒரு படம் வேண்டும் என்றால் வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே ஊரிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். செய்பவருக்கு சாந்தேரோ என்று பெயர். முழு உருவமாகச் செதுக்கினால் புல்தோ. பலகையில் தீட்டினால் ரெதாப்லோ.

ஒரு ரெதாப்லோ எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பைன் மரப் பலகையை வாய்ச்சியால் செதுக்கிச் சமமாக்குகிறார்கள். ஜிப்சம் கல்லைச் சுட்டு, பொடித்து, நம் தச்சர்கள் வஜ்ரம் என்று சொல்கிற தோல் பசையில் கலந்தால் வெள்ளைக் குழம்பு வரும். அதைப் பலகையில் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்க்க வேண்டும். அப்புறம்தான் படம். கறுப்புக்கு விளக்குக் கரி; பழுப்புக்கும் மஞ்சளுக்கும் உள்ளூர்க் காவிமண்; நீலத்துக்கு அவுரி; ஆழ்ந்த சிவப்புக்கு, சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சி. அவுரியும் கொச்சினீலும் தெற்கே மெக்சிகோவிலிருந்து வண்டியில் வந்த சரக்கு. கடைசியில், பின்யோன் பைன் மரத்துப் பிசினைச் சாராயத்தில் கரைத்து மேலே ஒரு பூச்சு. அது காய்ந்ததும் வண்ணங்கள் ஈரத்தில் நனைந்தது போல் ஆழமாகத் தெரியும். வருடங்கள் போகப் போக, மெழுகுவர்த்திப் புகையும் சேர்ந்து, அதே பூச்சுதான் படத்தை மங்கலாக்கவும் செய்யும். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய சண்டையே இதில்தான்.

1821-ல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் அமெரிக்க வணிகர்களுக்குப் பாதை திறந்தது. 1846-ல் அமெரிக்கப் படை வந்தது. 1851-ல் வந்த பிரெஞ்சுக்காரரான ஆயர் லாமிக்கு இந்த நாட்டுப்புறச் சிலைகள்மீது மதிப்பில்லை. 1880-ல் ரயில் சாண்டா ஃபேயை எட்டியதும், அச்சிட்ட படங்களும் சாந்தில் வார்த்த சிலைகளும் மலிவாக வந்து குவிந்தன. பழைய சாந்தோக்கள், அதாவது இந்தப் புனிதர் உருவங்கள், கோயிலைவிட்டு இறங்கி, மலைக்கிராமங்களில் தவமுயற்சிகளில் ஈடுபட்ட கத்தோலிக்கப் பொதுமக்களின் பெனிதெந்தே சகோதரர் சபைகளின் சிறு தொழுகைக்கூடங்களில் ஒதுங்கின. அவை இன்றும் இருப்பதற்குப் பெரும் காரணம் அந்தச் சகோதரர்கள். இந்தக் கதை சொல்லப்படும்போது அவர்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

வெளியிலிருந்து வந்த இருவர்

1920களில் சாண்டா ஃபே, அமெரிக்காவின் ஓவியர்களும் எழுத்தாளர்களும் தேடி வந்து குடியேறிய ஊர். அவர்களில் ஓவியர் ஃபிராங்க் ஆப்பிள்கேட், எழுத்தாளர் மேரி ஆஸ்டின் இருவரும் 1925-ல் ஸ்பானிஷ் காலனியக் கலைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இருவருமே இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர்கள். மறு ஆண்டு, ஊர்த் திருவிழாவான ஃபியஸ்டாவை ஒட்டி, பரிசுகளோடு முதல் சந்தை நடந்தது.

அவர்கள் செய்த நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1929-ல் சீமாயோ கிராமத்தின் சாந்துவாரியோ கோயில் தனியார் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. பணமுடையில் அதன் பொருள்களை விற்கும் நிலை. ஆஸ்டின் பேசிப் பார்த்ததில், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 6,000 டாலர் கொடுத்தார். சங்கம் கோயிலை வாங்கி, மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தது. 1810களில் கட்டிய அந்தச் சிறிய மண்கோயிலுக்கு இன்றும் புனித வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வருகிறார்கள். உள்ளே இருக்கும் தீட்டிய பலிபீடத் திரைகள், செய்த இடத்திலேயே இருக்கின்றன. இதற்காக மட்டும் அந்தச் சங்கத்துக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் வாங்குகிறவர் யார், செய்கிறவர் யார் என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே சந்தையில் இருந்தது. செய்தவர்கள் மலைக்கிராமத்து ஸ்பானிஷ் மொழிக் குடும்பங்கள். வாங்கியவர்களும், பரிசு கொடுத்தவர்களும், எது நல்லது என்று சொன்னவர்களும் ஆங்கிலம் பேசிய புதுக் குடியேறிகள். அவர்கள் ரசனை ஒரு குறிப்பிட்ட அழகைத் தேடியது: பழையது, மங்கியது, எளியது.

கோர்டோவாவின் வெறும் மரம்

கோர்டோவா, சீமாயோவுக்கு மேலே இருக்கும் ஒரு மலைக்கிராமம். அங்கே ஹொசே டோலோரெஸ் லோபெஸ் (1868–1937) என்ற தச்சர் இருந்தார். கதவு, ஜன்னல், பெட்டி, நாற்காலி, சவப்பெட்டி என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் செய்தவர். அவர் மகன் முதல் உலகப் போருக்குப் போனபோது, கவலையை மறக்க இரவில் உட்கார்ந்து கத்தியால் சிறு வேலைகள் செதுக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். செய்த சாமான்களுக்குப் பளிச்சென்று வீட்டுப் பெயின்ட் அடித்தார். அவர் ஊருக்கு அது பிடித்திருந்தது.

ஆப்பிள்கேட் 1920களில் இவருடைய வேலையைப் பார்த்தார். கைத்திறன் அவரைக் கவர்ந்தது. ஆனால் சாண்டா ஃபேயில் வாங்குகிறவர்களுக்கு அந்த வண்ணம் கண்ணைக் குத்தியது. வண்ணம் வேண்டாம், மரத்தை மரமாகவே விடுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். லோபெஸ் கேட்டுக்கொண்டார். வண்ணம் செய்துவந்த வேலையை இனி கத்தி செய்ய வேண்டியதாயிற்று. வெளிர் நிற மரத்தின் மேல்பரப்பு முழுக்க நுண்ணிய வெட்டுகள், இலைக்கொடிகள், பற்கள் போன்ற கோடுகள், வெள்ளிக் கம்பி வேலையை நினைவூட்டும் வரிகள். ஆதாமும் ஏவாளும் பாம்பும் என்று அவர் செதுக்கிய உருவங்களை இன்று அருங்காட்சியகத்தில் பார்த்தால், அந்தத் தூய்மைக்கு முன்னால் நின்று நகர மனம் வராது.

அவருக்குப் பின் மகன் ஜார்ஜ் லோபெஸ் அதே பாணியைத் தொடர்ந்தார். 1982-ல் அமெரிக்க அரசு தேசிய மரபுக் கலைஞர் விருதைத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அது அவருக்குக் கிடைத்தது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமக்கள் என்று குடும்பமே செதுக்கியது. வண்ணம் பூசாத கோர்டோவா பாணி இன்று நியூ மெக்சிகோவின் ‘மரபு’ என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று.

ஆனால் பழைய சாந்தோக்களில் வண்ணம் இல்லாதது எது? வெண்குழம்பு பூசி, வண்ணம் தீட்டி முடித்தால்தான் அது சாந்தோ. மாதாவை மாதாவாக அடையாளம் காட்டுவதே அவள் மேலாடையின் நீலம்தானே! வெறும் மரமாக நிற்கும் புனிதர், தொழுகைக்கூடத்தைவிட வரவேற்பறை அலமாரிக்குப் பொருந்துகிறவர். வாங்கியவர்களில் பெரும்பாலோரும் வெளியூர்க்காரர்களே. சந்தை கேட்டதால் பிறந்த வடிவம் இது. இரண்டு தலைமுறைக்குள் தொன்மையான மரபாக உட்கார்ந்துவிட்டது.

இதை ஏமாற்று என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஒரு தச்சர், தன் முன்னால் வந்த ஒரு தடையை வைத்து இதுவரை இல்லாத அழகைக் கண்டுபிடித்தார். அவர் கை அவருடையது. நான் சொல்வது ஒன்றுதான்: இதை மரபு என்று ஏற்றுக்கொண்ட சந்தைக்கு, அடுத்தவர் கொண்டுவரும் புதுமையை மரபில்லை என்று தள்ளும் தகுதி குறைந்துவிடுகிறது.

நின்றதும் மீண்டதும்

ஆப்பிள்கேட் 1931-ல் இறந்தார், ஆஸ்டின் 1934-ல். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டையே முடக்கியிருந்தது. மலைக்கிராம ஆண்கள் கொலராடோவின் சுரங்கங்களிலும் சர்க்கரை பீட்ரூட் வயல்களிலும் பார்த்துவந்த கூலி வேலைகளும் போயின. சங்கம் சாண்டா ஃபேயில் நடத்திய கடை மூடியது, சந்தையும் நின்றது. 1934-ல் லியோனோரா கர்ட்டின் என்ற பெண்மணி தன் சொந்தப் பணத்தைப் போட்டு ‘நேட்டிவ் மார்க்கெட்’ என்ற கடையைத் திறந்தார். வாங்குகிறவர் கண்ணெதிரே நூல் நூற்பதும் தறி ஓட்டுவதும் நடந்த கடை அது. அரசுத் தொழிற்பள்ளிகளில் பயின்றவர்களுக்கு அங்கே வருமானம் கிடைத்தது. 1940 வரை தாக்குப்பிடித்தது.

அரசின் கலைத் திட்டமும் அப்போது வேலை கொடுத்தது. அதில்தான் கோதுமைத் தாள் வேலை பிழைத்தது. இந்தக் கலையை ‘ஏழையின் தங்கம்’ என்பார்கள். தங்க முலாமுக்கு வழியில்லாத ஊர், அறுவடை முடிந்த வயலில் கிடந்ததை எடுத்துக்கொண்டது. தாளைப் பிளந்து, தட்டையாக்கி, கத்தியால் அரிசி அளவுத் துண்டுகளாக நறுக்கி, கரியும் பிசினும் பூசிக் கறுத்த சிலுவையின்மேல் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். நார் ஓடும் திசையைப் பொறுத்து வெளிச்சம் மாறி விழும்; பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைத் திசைமாற்றி வைத்தால், சிலுவையைக் கையில் திருப்பும்போது பூ மின்னி அணையும். 1930களில் இதைச் செய்யத் தெரிந்தவர் இல்லை என்ற நிலை. அரசுத் திட்டத்தில் இருந்த எலிசேயோ ரோட்ரிகஸ் என்ற இளம் ஓவியரிடம் இதை மீட்கச் சொன்னார்கள். பழைய சிலுவைகளைப் பார்த்துப் பார்த்து அவரே கற்றுக்கொண்டார். மனைவி பாவ்லாவுக்குக் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் இருவரும் சந்தையின் தூண்கள். 2004-ல் தேசிய விருது இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. இன்று பிளாஸாவில் விற்கும் ஒவ்வொரு தாள் சிலுவைக்குப் பின்னாலும் அந்த வீட்டின் நிழல் இருக்கிறது.

அருங்காட்சியகக் காப்பாளர் ஈ. பாய்ட் 1952-ல் சங்கத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். 1965-ல் சந்தை மீண்டது. முதலில், ஆகஸ்டில் நடக்கும் பூர்வகுடிகளின் இந்தியன் மார்க்கெட்டின் ஓரத்தில் சில மேசைகளாக. 1970களின் தொடக்கத்தில் ஜூலையில் தனக்கென்று ஒரு வார இறுதியாக.

பளிச்சென்ற வண்ணம்

மீண்ட சந்தைக்கு விதிகள் எழுதப்பட்டன. கலைஞர் ஹிஸ்பானிய, அதாவது ஸ்பானிஷ் மொழி மக்களின், வம்சாவளியினராக இருக்க வேண்டும். நியூ மெக்சிகோ அல்லது தெற்குக் கொலராடோவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். காலனிய காலத்திலிருந்து வந்த கலை வகைகளில் ஒன்றைச் செய்ய வேண்டும். தன் கையால் செய்திருக்க வேண்டும். நடுவர் குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கும்.

லூயிஸ் டாபியா, சாண்டா ஃபேயை ஒட்டிய அகுவா ஃபிரியாவில் 1950-ல் பிறந்தவர். 1970களில், தன் மக்களின் கலையைத் தானே தேடிக் கற்று, சாந்தோ செதுக்கத் தொடங்கினார். சந்தைக்கும் கொண்டுவந்தார். அவர் வண்ணங்கள் பளிச்சென்று இருந்தன. பழைய சாந்தோ என்றால் மங்கிய பழுப்பு என்று பழகியிருந்த கண்களுக்கு அது மரபுமீறலாகப் பட்டது. சந்தை அவரை ஏற்கவில்லை, அவர் வெளியேறினார்.

டாபியா பழைய கோயில்களின் பலிபீடத் திரைகளைப் புதுப்பிக்கும் வேலையும் செய்தவர். புகையையும் கறுத்த பூச்சையும் துடைத்தெடுத்தால் அடியில் வருவது பளிச்சென்ற சிவப்பும் நீலமும் மஞ்சளும். அதாவது, செய்த நாளில் அந்த சாந்தோக்கள் அவர் செய்தவற்றைப் போலத்தான் இருந்திருக்கும். சந்தை ‘மரபு’ என்று காவல் காத்தது நூற்றைம்பது வருடத்து மெழுகுவர்த்திப் புகையை. இந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்த இடம் இதுதான். மக்களின் கலையைக் காப்பதாக மனதார நம்பியவர்கள், அந்த மக்களில் ஒருவர் தன் முன்னோர் பார்த்த வண்ணத்தை மீட்டுக்கொண்டு வந்தபோது, அதை அடையாளம் காணவில்லை.

டாபியாவும் நண்பர்களும் தங்களுக்கென்று ஒரு கலைஞர் அமைப்பை உருவாக்கினார்கள். அவர் பிறகு கார் டேஷ்போர்டையே பலிபீடமாகச் செதுக்கும் அளவுக்குப் போனார். வடக்கு நியூ மெக்சிகோவில் காரை அலங்கரித்து ஓட்டுவது உயிர்த்துடிப்புள்ள ஒரு வழக்கம். அதையும் மரத்தில் கொண்டுவந்தார். 1980களிலிருந்து சமகால ஹிஸ்பானியக் கலைஞர்களுக்கென்று தனிச் சந்தை ஒன்று, பிளாஸாவை ஒட்டிய லிங்கன் தெருவில், அதே வார இறுதியில் நடக்கிறது. ஒரு தெருமுனையைத் திரும்பினால் விதி மாறிவிடும்.

விதிகளை எப்படி எடைபோடுவது

சரி, அப்படியானால் விதியே வேண்டாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதி இல்லாவிட்டால் இரண்டே வருடத்தில் தொழிற்சாலையில் வார்த்த பிசின் சிலைகள் அந்த மேசைகளை நிரப்பிவிடும். சாந்தேரோவும் மானிடவியலாளருமான சார்லஸ் கரீயோ போன்றவர்கள் பழைய வண்ணப்பொருள்களையும் பின்யோன் பிசின் பூச்சையும் ஆராய்ந்து மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடையில் வாங்கிய வண்ணத்தை விட்டுக் காவிமண்ணைத் தேடிப் போன தலைமுறை அது. அந்த உழைப்பின் அருமை தெரிந்து விலை கொடுக்க ஓர் இடம் இருந்ததால்தான் அது நிலைத்தது. எப்படிச் செய்வது என்ற அறிவை விதி காத்தது. எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லப் புகுந்தபோதெல்லாம் அது தடுக்கி விழுந்தது.

தகர வேலையைப் பாருங்கள். சந்தையின் மதிப்புமிக்க மரபு வகைகளில் ஒன்று அது. ஆனால் இந்த ஊருக்குத் தகரம் தாராளமாக வந்தது அமெரிக்கப் படையோடும் வணிகர்களோடும், உணவும் எண்ணெயும் அடைத்த டின்களாக. மக்கள் அந்த டின்னை வெட்டி, அச்சுக் குத்தி, மாதா படத்துக்குச் சட்டம் போட்டார்கள். பழைய சட்டங்கள் சிலவற்றின் பின்புறம் கம்பெனி முத்திரை இன்றும் தெரியும். அன்று ஒரு நடுவர் குழு இருந்திருந்தால், வெளியூர்ச் சரக்கு என்று இதைத் தள்ளியிருக்கும்.

பெயரிலும் இதே சிக்கல் இருக்கிறது. ‘ஸ்பானிஷ்’ என்ற சொல் 1920களின் ரசனைக்கு உகந்ததாக இருந்தது. ‘மெக்சிகன்’ என்பதைத் தவிர்க்க உதவியது. ஆனால் வண்ணப் பூச்சி மெக்சிகோவுடையது, மைக்கா மின்னும் மண்பானை பூர்வகுடிகளோடு பகிர்ந்துகொண்டது, நெசவின் வைர வடிவம் மெக்சிகோவின் சல்டீயோவிலிருந்து வந்தது. சங்கத்தின் அருங்காட்சியகம் அண்மை ஆண்டுகளில் ‘ஸ்பானிஷ் காலனிய’ என்பதை விட்டு ‘நியூவோ மெக்சிகானோ மரபுக் கலை’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. எனக்கு அது சரியான திசையாகப் படுகிறது.

சந்தையும் தானாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மரபுக்குள் புதுமை என்று தனிப் பரிசுப் பிரிவு வந்தது. பழைய கைமுறையில், பழைய வண்ணப்பொருளில், இன்றைய விஷயத்தைச் சொல்கிற படைப்புகளுக்கு இடம் கிடைத்தது. 2020-ல் கொரோனாவால் பிளாஸா வெறிச்சோடி, விற்பனை இணையத்துக்குப் போனது. மரப்புனிதரைக் கையில் எடுத்து எடை பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்குத் திரையில் படம் பார்த்து வாங்குவது ஒப்பவில்லை. மேசைகள் மீண்டும் வந்தன.

அந்த மேசைகளில் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள். சிறுவர் கலைஞர் என்று தனிப் பிரிவே உண்டு. பெரும்பாலும் அம்மா அப்பா அல்லது தாத்தா பாட்டியின் கூடாரத்திலேயே அவர்களுக்கும் ஓர் ஓரம். ஏழெட்டு வயதில் உள்ளங்கை அளவுப் பலகையில் உழவர்களின் புனிதரான சான் இசிட்ரோவையும் அவருடைய மாடுகளையும் தீட்டி, பின்புறத்தில் பென்சிலால் பெயரும் வயதும் எழுதி வைத்திருப்பார்கள். விலை சில டாலர். வெண்குழம்பு அங்கங்கே திட்டாக இருக்கும், மாட்டுக்குக் கால் ஒன்று நீளமாக இருக்கும். வண்ணத்தை மட்டும் யாரும் மங்கலாக்கச் சொல்லிக்கொடுக்காததால், சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.